ஏழாம் நம்பர் மலையில் கூப்பிட்டது யார்

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நிரஞ்சலாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. மேல் லயத்து வரிசை வீடுகளில் அவள் வாயைத் திறந்தால் கீழ் லயத்தில் தூங்கும் பிள்ளை முழித்துக்கொள்ளும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் கேட்பது அவள் சத்தம்தான். கங்காணி கந்தப்பன் ஒருமுறை, "இவ இருக்கையில தோட்டத்துக்குச் சைரன் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்டவள் மூடுபனிக்குள் தன்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட, பதில் பேசாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் என்றால் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் புருஷன் அழகையாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அழகையா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். முற்றிப்போன செடிகளைக் கட்டையாக வெட்டிச் சாய்த்து, புதிதாகத் துளிர்க்க விடும் வேலை. கை பலமும் பொறுமையும் வேண்டும், அவனுக்கு இரண்டும் இருந்தன. வீட்டில் பேசுவது முழுக்க அவள், கேட்பது முழுக்க அவன். அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு டச் போன். அதற்குப் பூட்டுப் போட்டிருந்தான். விரலை வைத்தாலும் திறக்கும், திரையில் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தாலும் திறக்கும். அவன் கோடு இழுக்கும் போதெல்லாம் அவள் எட்டிப் பார்ப்பாள். அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான்.

"உள்ளுக்கு எவள ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒன்னையத்தான்."

"அப்ப தெறந்து காட்டுங்க பாப்போம்."

"காட்டுறேன், காட்டுறேன். எங்க ஓடிப் போகப் போறேன்?"

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் அவர்களுக்கு இது ஒரு விளையாட்டாகவே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில், ஏழாம் நம்பர் மலையில் குளவிக் கூடு கலைந்தது. தேயிலை நிற்கிற ஒவ்வொரு பகுதியையும் தோட்டத்தில் மலை என்றுதான் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நிரஞ்சலாவும் ஓடினாள். கவ்வாத்துக்காரன் ஒருவன் விழுந்துவிட்டான் என்று யாரோ கத்தியதும் அவள் மட்டும் திரும்பி ஓடினாள். மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் அழகையா கிடந்தான். முகம் அவன் முகமாக இல்லை. சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

அவளிடம் போன் இல்லை. மற்றவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதும் பனியில் தெரியவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். அவன் விரலைப் பிடித்து அதில் வைத்து வைத்து அழுத்தினாள். வீங்கிய விரலைப் போனுக்குத் தெரியவில்லை. கோடு இழுத்துப் பார்த்தாள், தப்பு என்று நடுங்கியது. மறுபடி இழுத்தாள், மறுபடி தப்பு. கடைசியில் கொஞ்ச நேரம் பொறுத்து வா என்பதுபோலத் திரை அடைத்துக்கொண்டது. அழகையா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான், நாக்கு எழும்பவில்லை. அவன் விரல் மட்டும் போனின் அடிப்பக்கத்தில் போய்ப் போய் விழுந்தது. வலியில் கை துடிக்கிறது என்று நினைத்து, அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மற்றவர்கள் தேடி வந்து, அவனைக் கம்பளியில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். பதுளை ஆஸ்பத்திரியை எட்டுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நிரஞ்சலாவின் சத்தம் பாதியாகக் குறைந்தது என்று லயத்தில் சொல்வார்கள். முழுதாக அடங்கவில்லை, அது அவளால் ஆகிற காரியமா? ஆனால் பேச்சின் நடுவே நின்றுவிடுவாள். நின்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அங்கேதான் அந்தப் போன் இருக்கும்.

காரியம் முடிந்த கையோடு அதைப் பதுளை பஜாரில் போன் திருத்துகிற ஷாமிலிடம் கொண்டுபோனாள். ஷாமில் நல்ல பையன், வாடிக்கையாளர் அழுதால் விலை பேச மாட்டான். "தொறக்கலாம் அக்கா. ஆனா உள்ளுக்கு ஈக்கிற எல்லாம் அழிஞ்சி போகும். போட்டோ, வாய்ஸ் ஒண்ணும் மிஞ்சாது" என்றான். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பூட்டிய திரையில் கோயில் திருவிழாவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அழகையா நெற்றி நிறைய விபூதியோடு சிரிப்பான், பக்கத்தில் அவள் பாதி முகம். ஓரத்துப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் அவன் வருவான். கொஞ்ச நேரம் இருப்பான். பிறகு திரை இருண்டுவிடும்.

அவ்வளவு போதும் என்று அவள் அந்தப் போனைத் தவறாமல் சார்ஜ் போட்டு, வேலைக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டாள். காசு போடாததால் அதன் நம்பரைக் கம்பெனி எப்போதோ வெட்டிவிட்டது. அந்தப் போனிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது, அதை யாரும் கூப்பிடவும் முடியாது. அது ஒரு படச்சட்டம், அவ்வளவுதான். அவளும் அப்படித்தான் நினைத்தாள், லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இந்த வருடம் மழை தொடங்கிய நாட்களில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்க ஆள் விட்டார்கள். அழகையா கடைசியாக வெட்டிய செடிகள் எல்லாம் துளிர்த்து, அடர்ந்து, இடுப்பு உயரத்துக்கு நின்றன. போன் நனையாமல் இருக்க நிரஞ்சலா அதை ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கில் சுற்றி இடுப்பில் வைத்தாள். மேலே பெண்கள் எல்லோரும் கட்டுகிற படங்கைச் சுற்றினாள். செடி கீறாமலும் ஈரம் இறங்காமலும் காக்கிற தடித்த உறை அது. அதன்மேல் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் நிரையில் இறங்கினாள்.

அன்றைக்குப் பனி மோசமாக இருந்தது. அடுத்த நிரையில் நின்ற ராசம்மாவின் கூடை தெரிந்தது, ராசம்மா தெரியவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் எல்லாப் பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒரு ஆண் குரல்.

"நிரஞ்சலா."

அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கூடையைக் கொஞ்சம் பிடி என்று சொல்வதற்கு முன்னால் கூப்பிடுவோமே, அப்படி.

மலைக்குக் காவலாக உச்சியில் மரத்தடியில் முனி இருக்கிறது. கொழுந்து எடுக்க ஆரம்பிக்கும் முன்னால் அதற்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள். மலைக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையும் பதில் சொல்லக் கூடாது, இரண்டாம் தடவையும் சொல்லக் கூடாது. உயிரோடு இருக்கிறவன்தான் மூன்றாம் தடவையும் பொறுமையாகக் கூப்பிடுவான். இதைத் தோட்டத்தில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். நிரஞ்சலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குரல் திரும்ப வரவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிருந்தது, ஆனால் அது பயம் மட்டும் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி கேட்டது. இந்தத் தடவை பேர் சொல்லவில்லை. முதலில் புரியாத ஏதோ முனகல். பிறகு தமிழ்.

"கேக்குதாங்க? எங்க இருக்கீங்க?"

மண்ணுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல அடைத்த குரல். நிரஞ்சலாவின் கையிலிருந்த கொழுந்து உதிர்ந்தது. ராசம்மாவிடம் போய்விடலாம் என்று நிரையை விட்டு நடந்தாள். குரலும் கூடவே வந்தது. வேகமாக நடந்தாள். கிட்டவும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை, அதே தூரத்தில் வந்துகொண்டே இருந்தது. கானைத் தாண்டினாள், அதுவும் தாண்டியது. செடிக்குப் பின்னால் குந்தினாள், அதுவும் கூடக் குந்தியது.

"பேச முடியலையா? பேச முடியாட்டி ஏதாச்சும் ஒரு சத்தம் குடுங்க."

அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றுபோனது.

அன்று சாயங்காலம் ராசம்மாவிடம் மட்டும் சொன்னாள். ராசம்மா மூத்தவள், நாலும் பார்த்தவள். "பதில் குடுத்தியா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்லக்கா."

"குடுக்காத புள்ள. அவரு போன எடம் அது. கூடப் போயிருவ."

"போனா என்னாக்கா?"

ராசம்மா அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள்.

கங்காணியிடம் சொல்லி நிரஞ்சலாவை வேறு மலைக்கு மாற்றிவிடலாம் என்று ராசம்மா பார்த்தாள். நிரஞ்சலா ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. கானுக்குள் அவன் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தானே, அந்தப் பார்வையில் இருந்தது என்ன? உன்னால் ஒரு பூட்டைத் திறக்க முடியவில்லையே என்ற கோபமா? இரண்டு வருடமாக அவளை அரித்தது இதுதான். மூன்றாம் தடவை கூப்பிட்டால் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். கூட்டிக்கொண்டு போனாலும் போகட்டும்.

மூன்றாம் தடவை அவள் கானுக்குப் பக்கத்திலேயே நின்றாள். குனிந்து ஒரு செடியின் அடிக்கொப்பிலிருந்த கொழுந்தை எட்டிப் பறித்து நிமிர்ந்தபோது பனிக்குள் குரல் எழும்பியது.

"கேக்குதாங்க? யாரு பேசுறது? என்னா நடந்துச்சு?"

நிரஞ்சலா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க," என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் அடக்க முடியவில்லை. "என்னா நடந்துச்சுன்னா கேக்குறீங்க? ஒங்களுக்குத் தெரியாதா? வெரல வச்சு வச்சுப் பாத்தேன், தெறக்கலையே. நீங்க ஒரு நாளாச்சும் அந்தக் கோட்டச் சொல்லிக் குடுத்தீங்களா? யாரையாச்சும் கூப்புட்டிருப்பேனே. ரோட்டுக்கு ஓடியிருப்பேன், ஒங்கள விட்டுட்டு ஓட மனசு வரல. எம்மேல கோவமாங்க? கோவம்னா சொல்லிருங்க. இப்பிடிச் சுத்திச் சுத்தி வராதீங்க."

பனிக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் மெதுவாகப் பேசியது.

"அம்மா, நான் அவரு இல்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குரல் பனிக்குள்ளிருந்து வரவில்லை, அவள் இடுப்பிலிருந்து வந்தது. கயிற்றை அவிழ்த்து, படங்கை விலக்கி, பையை உருவினாள். போன் சூடாக இருந்தது. வெளிச்சத்தில் அழகையா விபூதிப் பட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான், அவன் முகத்தின்மேல் ஏதோ எழுத்துகள் ஓடின. அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து இன்னொருவன் பேசினான்.

"பயப்படாதீங்கம்மா. ஏம் பேரு புவனேந்திரன். அவசரத்துக்குக் கூப்பிடுற எடத்துல இருந்து பேசுறேன். ஒங்க போன்ல இருந்துதான் எங்களுக்கு லைன் வந்திருக்கு."

"இது செத்தவரு போனுங்க. லைன் வெட்டிட்டாங்க. பூட்டியும் கெடக்கு."

"பூட்டியிருந்தாலும் அவசரத்துக்கு எடுக்கலாம்மா. லைன் இல்லாட்டியும் சில போன்ல கெடைக்கும். ஓரத்துப் பட்டன அஞ்சாறு தடவ சட்டு சட்டுன்னு அமுக்கினா அதுவா எங்களுக்கு அடிக்கும். போன எங்க வச்சிருந்தீங்க?"

அவள் சொன்னாள். இறுக்கிக் கட்டிய கயிறு ஒவ்வொரு குனிவுக்கும் பட்டனை அமுக்கியிருக்கிறது.

"போன வாரமும் இப்பிடி ஒரு லைன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்," என்றார் புவனேந்திரன். "பின்னால பொம்பளைங்க தமிழ்ல பேசுறது கேட்டுச்சு, அதான் சிங்களத்த விட்டுட்டுத் தமிழ்ல கேட்டேன். நம்பர் ஒண்ணும் விழல, திரும்ப எடுக்கவும் முடியல. பேசாத லைன நாங்க சட்டுன்னு வெட்ட மாட்டோம்மா. யாராச்சும் பேச முடியாமக் கெடப்பாங்களோன்னு புடிச்சுக்கிட்டே இருப்போம். ஆனா அந்த நேரம் நெசமாவே ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்கலாம்."

அவர் அதட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் நிரஞ்சலா கானைத் திரும்பிப் பார்த்தாள். எங்கோ ஒரு கானுக்குள் எவளோ ஒருத்தி புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, லைன் கிடைக்காமல் தவித்திருப்பாளோ?

"ஐயா, ஒண்ணு கேக்கவா? பூட்டின போன்ல எப்பிடி எடுக்குறது? பட்டன் தெரியாதவங்க என்னா செய்றது?"

"திரைக்கு அடியில பாருங்கம்மா. கடைசியில, சின்னதா, அவசரம்னு இங்கிலீசுல ஒரு எழுத்து இருக்கும். அதத் தொட்டா நம்பர் போடுற எடம் வரும். கோடும் வேணாம், வெரலும் வேணாம்."

அவள் பார்த்தாள். சிரிக்கிற அழகையாவின் சட்டைக் காலருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், எறும்பு வரிசைபோல ஒரு சொல் இருந்தது. உயிர் போகிற நேரத்தில் தேட வேண்டிய எழுத்தை இத்தனை பொடியாக, அதுவும் அவளுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் வைத்தவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கு அவன் விரல் போய்ப் போய் விழுந்தது அந்த இடத்தில்தான்.

நிரஞ்சலா கானின் கரையில் உட்கார்ந்துவிட்டாள். புவனேந்திரன், "அம்மா, இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"அன்னைக்கு இதத் தொட்டிருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா?"

அடுத்தவர் மௌனத்துக்குள் காது வைத்துக் கேட்டே பழகிய மனிதர், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியாதும்மா," என்றார். "நெசமாவே தெரியாது."

அவருக்கு அடுத்த லைன் காத்திருந்திருக்கும். இருந்தாலும் அவசரப்படவில்லை. வைப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள். "மொத தடவ ஏம் பேரச் சொல்லிக் கூப்புட்டீங்களே, எப்பிடித் தெரியும்?"

"ஒங்க பேரா?" என்றார் அவர். "அது எனக்கு இப்பவும் தெரியாதேம்மா."

அடுத்த லீவு நாளில் அவள் பஜாருக்குப் போனாள். ஷாமில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டனை அமுக்கினால் தானாகப் போகிற அழைப்பை நிறுத்திவைக்க வழி இருக்கிறதாம். ஆனால் அதற்குப் போனைத் திறந்து உள்ளே போக வேண்டும். திறக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். "மத்தப் போன்னா ஒரு நிமிசத்துல நிறுத்தித் தருவன் அக்கா. இல்லாட்டிப் பட்டன மறைக்கிற கெட்டிக் கவர் ஒண்ணு போடலாம். அதுவும் அந்தக் கயித்துக்கு எத்தின நாளைக்கித் தாங்குமோ. ஒங்களுக்கு நான் என்னத்தச் செல்ற? வீட்டுல வச்சிட்டுப் போங்க, இல்லாட்டி ஓஃப் பண்ணுங்க."

"இத வச்சிட்டு மலைக்கு எப்பிடித் தம்பி போறது?"

ஷாமில் போனைத் துடைத்து அவள் கையில் கொடுத்தான். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நமுனுகுல ஏறும்வரை அழகையாவைத் தட்டித் தட்டி எழுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, ஓரத்துப் பட்டனை விடாமல் அழுத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே இருண்டுபோனான். இன்னொருத்தியின் லைனை அடைத்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்திருக்க அவளால் முடியாது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் இடுப்பில் ஒன்றும் இல்லாமல் ஏழாம் நம்பர் மலையில் இறங்கினாள். படங்கு தளர்ந்து தளர்ந்து நழுவியது. பனி இறங்கி இருந்தது. கொழுந்து ஒடிகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. இனிமேல் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். கூடை பாதி நிறைந்திருக்கும், அப்போது அடுத்த நிரையிலிருந்து ராசம்மா குரல் கொடுத்தாள்.

"ஏ புள்ள, கந்தப்பண்ணன் வந்துட்டாரா?"

"இல்லக்கா. அவரு கீழ தராசுகிட்ட நிக்கிறாரு."

"அப்ப இப்ப ஒன்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டது யாரு? ஆம்பளக் கொரலு. ஒங் காதுல விழலையா?"

நிரஞ்சலா இடுப்பைத் தொட்டாள். வெறும் துணிதான். ராசம்மா தன் கேள்வியின் அர்த்தம் தனக்கே புரிந்து, "பேசாத, பேசாத புள்ள!" என்று பதறியது கேட்டது. நிரஞ்சலா அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் காத்திருக்கவும் இல்லை. கான் இருக்கும் பக்கம் திரும்பி, வெள்ளையாக நின்ற பனியைப் பார்த்து, தோட்டமே கேட்கிற அந்தப் பழைய குரலில் சொன்னாள்.

"நீங்க வெரல வச்சுக் காட்டத்தான் செஞ்சீங்க. நான்தான் ஒங்க கையப் புடிச்சு எடுத்துவிட்டுட்டேன்."